நோய்க் கணக்கும் மக்கள் ஐயமும்

தொற்றுநோய் பரவுங் காலத்தில் ஒவ்வொரு நாள் மாலையிலும் ஓர் எண் வெளியாகிறது. இன்று இத்தனை பேருக்கு நோய் கண்டது என்று வானொலி கூறுகிறது. மறுநாட் காலையில் செய்தித்தாள் அதனைக் கொட்டை எழுத்தில் அச்சிடுகிறது. எண் குறைந்தால் ஊர் சற்றே மூச்சு விடுகிறது. கூடினால் கடைத்தெரு வெறிச்சோடுகிறது. ஆயினும் அவ்வெண்ணைக் கேட்ட மாத்திரத்தில், "இது மெய்தானா?" என்றொரு கேள்வியும் மக்கள் மனத்தில் எழாமல் இருப்பதில்லை. அரசு கூறும் கணக்கை அப்படியே ஏற்போர் ஒரு சாரார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை அது என்று தள்ளிவிடுவோர் மற்றொரு சாரார். அந்த எண் எந்தக் கேள்விக்கு விடையாக வந்தது என்பதை இவ்விரு சாராரும் கேட்பதில்லை. அதைக் கேட்கப் பழகுவதே இங்கு எடுத்துக்கொண்ட பொருளின் பயனாகும்.

இக்கேள்வி யாரைப் பொறுத்தவரை மிகக் கூர்மையானது? ஊரை விட்டு வேலைக்குச் சென்றவனையும், அவனை எதிர்பார்த்திருக்கும் வீட்டாரையும் பொறுத்தவரையே. கொழும்பு ஹெவ்லொக் டவுன் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. 1890 முதல் 1895 வரை இலங்கையின் தேசாதிபதியாக இருந்த சேர் ஆதர் ஹெவ்லொக்கின் பெயரைத் தாங்கிய இப்பகுதியில் இன்று வானளாவ நிற்கும் ஹெவ்லொக் சிட்டி என்னும் அடுக்குமாடித் தொகுதி, பழைய வெள்ளவத்தை நூற்பு நெசவாலை இருந்த நிலத்திலே எழுந்ததாகும். தென்னிந்தியாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்தோர் பலர் அந்த ஆலையில் உழைத்தனர். அக்காலத்தில் கடல் கடந்து இலங்கைக்கு வந்த தொழிலாளி, குறிப்பாகத் தோட்டங்களுக்கு வந்தவன், மண்டபம் முகாமில் சில நாட்கள் தங்க வைக்கப்பட்டு, அம்மை, பேதி, கொள்ளை நோய் ஆகியவை உண்டா என்று சோதிக்கப்பட்ட பின்னரே கப்பலேற விடப்பட்டான். முகாமின் ஏட்டில் அவன் ஓர் எண். அந்த எண் எவ்வாறு எழுதப்பட்டதென்று அவனுக்கு யாரும் சொல்லியதில்லை.

காலம் மாறிற்று, ஆள் போகும் திசையும் மாறிற்று. ஹெவ்லொக் டவுனிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும், கடல் கடந்து வாழும் உறவினர் ஒருவரேனும் இல்லாத தமிழ்க் குடும்பம் இன்று அரிது. 2020 ஆம் ஆண்டில் கோவிட் நோய் உலகைச் சூழ்ந்தபோது அக்குடும்பங்கள் தம் நாட்டுக் கணக்கோடு வளைகுடா நாடுகளின் கணக்கையும் சிங்கப்பூரின் கணக்கையும் சேர்த்தே கேட்டன. அவற்றுள் சிங்கப்பூரின் கணக்கே மிகுதியான ஐயத்திற்கு ஆளாயிற்று. பின்னர் மிகத் தெளிவாக விளங்கியதும் அதுவே. ஆகவே அதனைச் சற்று விரிவாக ஆராய்தல் தகும்.

சிங்கப்பூரில் முதல் நோயாளி 2020 சனவரி 23 ஆம் நாள் கண்டறியப்பட்டார். தொடர்ந்து வந்த வாரங்களில் அந்நாட்டுச் சுகாதாரப் பகுதியினர் ஒவ்வொரு நோயாளியின் தொடர்புகளையும் துருவித் தேடினர். அம்முறையை உலகம் வியந்து பாராட்டியது. ஆனால் நகரத்தின் விளிம்பில், வீதி போட்டும் கட்டடம் எழுப்பியும் கப்பல் செப்பனிட்டும் உழைக்கும் பிறநாட்டுத் தொழிலாளர் விடுதிகளில் வேறொரு நிலைமை இருந்தது. அவ்விடுதிகளில் ஏறத்தாழ 323,000 பேர் வாழ்ந்தனர். தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் சென்றோர் அவர்களுட் பெருந்தொகையினர். ஓர் அறையில் பன்னிருவரும் அதற்கு மேற்பட்டோரும் அடுக்குக் கட்டில்களிற் படுப்பர். குளியலறையும் சமையலறையும் பலருக்கும் பொது. காய்ச்சலோடு ஒருவன் அங்கே இருமினால், அது அறை முழுவதற்கும் இருமியதற்கு ஒப்பாகும்.

இவ்வாபத்தை முன்னரே சுட்டிக்காட்டியோரும் இருந்தனர். தொழிலாளர் நலனுக்காக உழைக்கும் 'டிரான்சியன்ட் வொர்க்கர்ஸ் கவுன்ட் டூ' என்னும் அமைப்பு, விடுதிகளின் நெருக்கடி நோய்க்கு வழி திறக்கும் என்று 2020 மார்ச் மாதத்திலேயே செய்தித்தாளுக்கு எழுதி எச்சரித்தது. வந்துபோகும் தொழிலாளரும் மதிக்கப்பட வேண்டியவரே என்பது அவ்வமைப்பின் பெயர்ப் பொருள். கணக்கிலே சேர வேண்டியவர் என்றும் அதற்குப் பொருள் கொள்ளலாம். பின்னர் நிகழ்ந்தவை இரண்டாவது பொருளுக்கு எதிர்பாராத அழுத்தம் தந்தன.

ஏப்ரல் 5 ஆம் நாள், பொங்கோலிலும் தோ குவானிலும் இருந்த இரு பெரு விடுதிகள் தனிப்படுத்தப்பட்ட இடங்களாக அறிவிக்கப்பட்டன. ஏறத்தாழ 20,000 பேர் அறைகளுக்குள் இருத்தப்பட்டனர். 7 ஆம் நாள் நாடு முழுவதும் கட்டுப்பாடு வந்தது. ஏப்ரல் 20 ஆம் நாள் ஒரே நாளில் 1,426 பேருக்கு நோய் கண்டதாக அரசு அறிவித்தது. அவர்களுட் பெரும்பான்மையோர் விடுதித் தொழிலாளரே.

இவ்வேளையிலே தான் கணக்கைப் பற்றிய ஐயம் வலுப்பெற்றது. அதற்கு மூன்று காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, எண் இரு கூறாக்கப்பட்டமை. நாள்தோறும் வெளியிடப்பட்ட அறிக்கையில் விடுதித் தொழிலாளர் தொகை ஒன்றாகவும், மற்றைய மக்கள் தொகை வேறொன்றாகவும் காட்டப்பட்டன. நோய்த்தடுப்பு நோக்கில் இதற்கு நியாயம் உண்டு. இரண்டு இடங்களில் இரண்டு வேகத்திற் பரவும் நோயை ஒரே தொகையாகக் கூட்டினால் எவ்விடத்து நிலையும் விளங்காது. ஆயின், விடுதிக்கு வெளியே நோயாளர் ஒரு சிலரே என்னும் செய்தி நகரத்தாருக்கு ஆறுதலாக வந்தபோது, விடுதிக்குள்ளே நூற்றுக்கணக்கில் நோயுற்றோரின் உறவினருக்கு அது வேறு விதமாக ஒலித்தது. தம் பிள்ளைகள் அந்நாட்டின் கணக்கைச் சேர்ந்தவர் அல்லரோ என்று அவர்கள் எண்ணினர்.

இரண்டாவது, சோதனை முறை மாறியமை. தொற்று மிக அதிகமாக உள்ள விடுதிகளில், நோய்க்குறி தோன்றியவரைச் சோதனை முடிவுக்குக் காத்திராமல் முதலில் தனிப்படுத்துவதே தம் நோக்கம் என்று அந்நாட்டுச் சுகாதாரத் துறையினர் ஏப்ரல் மாத இறுதியில் விளக்கினர். சிகிச்சை நோக்கில் இதுவும் நியாயமானதே. அறையிலுள்ள பன்னிருவரில் எண்மருக்கு நோய் உறுதியான பின்னர், ஒன்பதாமவனுக்குக் காய்ச்சல் கண்டால் அது என்ன நோயென்று அறியச் சோதனைச்சாலை வேண்டுவதில்லை. ஆயினும் சோதிக்கப்படாதவன் அன்றைய எண்ணிற் சேரான். எண் குறையும்போது நோய் குறைந்ததா, சோதனை குறைந்ததா என்று வெளியிலிருப்போர் எவ்வாறு அறிவர்? ஐயம் எழுந்தது இயற்கையே.

மூன்றாவது, கணக்கோடு தொழிலாளியின் நடமாட்டம் கட்டப்பட்டிருந்தமை. அவனுடைய கைப்பேசியிலே பச்சை நிறம் தோன்றினால் அவன் வேலைக்குப் போகலாம். சிவப்புத் தோன்றினால் போகலாகாது. ஊருக்கு அனுப்பும் பணமும், அறையைவிட்டு வெளியேறும் உரிமையும், நாடு திரும்பும் நாளும் ஒரு சோதனை முடிவிலே தங்கியிருந்தன. தன் வாழ்வைத் தீர்மானிக்கும் முடிவு எவ்வாறு எட்டப்படுகிறது என்பதை அறியாதவன் அதனை ஐயுறுவதில் வியப்பில்லை.

இவ்வையங்களைத் தீர்த்துக்கொள்வதற்கு, நோயைக் கண்டறியும் சோதனைகள் யாவை என்பதைச் சிறிது அறிந்திருத்தல் வேண்டும். அக்காலத்தில் பெரிதும் கையாளப்பட்டவை இரண்டு.

ஒன்று, பி.சி.ஆர். எனப்படும் சோதனை. 1983 ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி கரி மலிஸ் கண்ட முறையின் வழிவந்தது இது. அதற்காக அவர் 1993 ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார். மூக்கின் உட்புறத்திலே பஞ்சுக் குச்சியைச் செலுத்தி எடுக்கும் சளியில், வைரசின் மரபுப் பொருள் ஒரு துளியளவேனும் இருந்தால், அதனை ஒன்று இரண்டாக, இரண்டு நான்காக, நான்கு எட்டாகப் பெருக்கிக் காட்டுவதே இதன் நுட்பம். இவ்வாறு 30 முறை இரட்டித்தால் ஒன்று நூறு கோடிக்கு மேலாகப் பெருகும். எனவே கண்ணுக்கும் கருவிக்கும் எட்டாத சிறு துணுக்கும் அகப்பட்டுவிடும். ஆனால் இச்சோதனைக்கு ஒரு வரம்பு உண்டு. வைரசு உடலில் இருக்கும் நாட்களில் மாத்திரமே அது பேசும். தொற்றிய முதல் இரண்டொரு நாளில் எடுத்தால் ஒன்றும் தெரியாதிருக்கலாம். நோய் தீர்ந்து சில வாரங்கள் கழித்து எடுத்தாலும் ஒன்றும் தெரியாதிருக்கலாம். அதாவது, "இன்று இவன் உடலில் வைரசு இருக்கிறதா?" என்னும் கேள்விக்கே அது விடை தருகிறது.

மற்றொன்று இரத்தச் சோதனை. வைரசை எதிர்த்துப் போராட உடல் தானே ஆக்கிக்கொள்ளும் எதிர்ப்புப் பொருள்கள் இரத்தத்திற் காணப்படுகின்றனவா என்று இது பார்க்கிறது. அவை தோன்றுவதற்கு ஒன்றிரண்டு வாரம் ஆகும். தோன்றிய பின் பல மாதங்கள் நிலைத்திருக்கும். ஆகவே, "முன் எப்போதாவது இவனுக்கு இந்நோய் தொற்றியதா?" என்பதே இதன் கேள்வி. முன்னது வீட்டிலே திருடன் இப்போது இருக்கிறானா என்று தேடுவது. பின்னது அவன் வந்துபோன காற்சுவடு உண்டா என்று பார்ப்பது. திருடன் அகப்படவில்லை என்பதனால் அவன் வந்ததேயில்லை என்று யாரும் கூற மாட்டார்கள்.

இவ்விரண்டையும் சிங்கப்பூர் விடுதிகளிற் கையாண்டனர். பெருந்தொகையினரை விரைவிற் சோதிப்பதற்காகப் பலருடைய மாதிரிகளை ஒன்றாகக் கலந்து சோதிக்கும் முறையும், விடுதியின் கழிவுநீரில் வைரசின் அடையாளத்தைத் தேடும் முறையும் துணைக்கு வந்தன. ஒகஸ்ட் மாதத்திலே விடுதிகளின் முதற் சுற்றுச் சோதனை பெரும்பாலும் முடிந்தது. பின்னர், வேலைக்குச் செல்வோர் 14 நாளுக்கு ஒருமுறை சோதிக்கப்பட்டனர்.

2020 டிசெம்பர் நடுப்பகுதியில் அந்நாட்டு அரசு ஒரு தொகுப்புக் கணக்கை வெளியிட்டது. விடுதித் தொழிலாளருள் பி.சி.ஆர். சோதனையால் நோய் உறுதியானவர் 54,505 பேர். இவர்களன்றி, அச்சோதனையில் அகப்படாது இரத்தச் சோதனையால் மட்டும் முன்னர் நோயுற்றிருந்தமை அறியப்பட்டவர் 98,289 பேர். இரண்டையும் கூட்டினால் 152,794. விடுதிகளில் வாழ்ந்த 323,000 பேருடன் ஒப்பிட்டால், நூற்றுக்கு 47 பேர் என்றாகிறது.

இவ்வெண்களைச் சற்று நிறுத்தி நோக்குதல் வேண்டும். நாள்தோறும் அறிவிக்கப்பட்ட முறையில் கண்டறியப்பட்ட தொழிலாளி ஒருவனுக்கு, கண்டறியப்படாத தொழிலாளர் ஏறத்தாழ இருவர் இருந்திருக்கின்றனர். அவ்வேளையில் சிங்கப்பூர் முழுமைக்குமான நோயாளர் தொகை 58,000 க்குச் சற்று அதிகமாகவே இருந்தது. இரத்தச் சோதனையால் அறியப்பட்ட 98,289 பேரும் அத்தொகையிற் சேர்க்கப்படவில்லை. சேர்த்திருந்தால் அத்தொகை இரண்டரை மடங்குக்கு மேலாகியிருக்கும். நாளாந்தக் கணக்கு நோயாளரை எண்ணுவது, பழைய தொற்றை எண்ணுவதன்று என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம்.

பின்னர் மருத்துவ ஆய்வாளர் வெளியிட்ட ஒரு கட்டுரையும் இதையே காட்டிற்று. 43 விடுதிகளைச் சேர்ந்த 198,320 பேரை ஆராய்ந்ததில், 111,280 பேருக்கு ஏதேனும் ஒரு சோதனையால் தொற்று உறுதியாயிற்று. அஃதாவது நூற்றுக்கு 56 பேர். ஆனால் அதே ஆய்வின் மற்றொரு முடிவையும் மறத்தலாகாது. அவர்களுள் தீவிர சிகிச்சைப் பிரிவிற் சேர்க்கப்பட்டோர் 20 பேர். உயிர் துறந்தவர் ஒருவர். பெரும்பாலோர் இளைஞர் ஆதலின் நோய் மெல்லிதாக வந்து சென்றது. பலர் தமக்கு நோய் வந்ததையே அறியாதிருந்தனர். சோதனைக்குச் செல்லத் தூண்டும் காய்ச்சலும் இருமலும் இல்லாதவன் சோதனையில் எவ்வாறு அகப்படுவான்?

ஆகவே ஐயுற்றோர் கூற்று உண்மையா, அரசு கூறியது உண்மையா? இரண்டிலும் உண்மை உளது. எண் குறைவாகக் காட்டுகிறது என்று ஐயுற்றோர் பிழை செய்யவில்லை. பின்னர் வந்த கணக்கே அவர்களுக்குச் சான்று. அதே வேளையில், அந்தப் பெரிய எண்ணைக் கண்டறிந்து வெளியிட்டதும் அரசேயாதலின், பொய்க்கணக்கு என்று பழி கூறியோருக்கு அதே அறிக்கை மறுப்பாயிற்று. நாள்தோறும் கூறப்பட்ட எண் பொய்யன்று. அது குறுகிய கேள்விக்கு வந்த விடை. அக்குறுகிய விடையை விரிந்த கேள்விக்கு விடையாக மக்கள் கொண்டனர். அவ்வாறு கொள்ளலாகாது என்று உரக்கவும் உரிய காலத்திலும் கூறப்படவில்லை என்பதே குறை. ஏப்ரல் மாதத்திலே கேட்ட கேள்விக்குத் தெளிவான விடை டிசெம்பரில் வந்தது. அந்த எட்டு மாதங்களைத் தொழிலாளர் பெரும்பாலும் நான்கு சுவருக்குள்ளேயே கழித்தனர். ஏனையோர் கடைக்கும் உணவகத்துக்கும் சென்றுவரத் தொடங்கிய பின்னும் அவர்களுடைய கட்டுப்பாடு நீடித்தது. தடுப்பூசி பெற்ற தொழிலாளர் சிலர் நகரத்துக்குள் சென்றுவருவதற்கான முன்னோடித் திட்டம் 2021 செப்ரெம்பரிலேயே தொடங்கியது. அதுவும் வாரத்துக்கு 500 பேர் என்னும் அளவிலேயே. நோயுற்றுத் தேறியோர் பாதிப்பேர் என்று கணக்கு காட்டிய பின்னரும், அக்கணக்கின் பயன் அவர்களை எட்டச் சுணங்கியது.

இனி, இலங்கையின் நிலைமையை நோக்கலாம். இங்கே முதல் நோயாளி 2020 சனவரி 27 ஆம் நாள் அறியப்பட்டார். அவர் சீன நாட்டிலிருந்து வந்த ஒரு பயணி. பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் சோதனைகளின் மையமாக விளங்கிற்று. மே மாதத்திலே குவைத்திலிருந்து அழைத்து வரப்பட்ட தொழிலாளர் பலருக்கு நோய் கண்டபோது, நாட்டின் எண் திடீரென உயர்ந்தது. அது நாட்டிற்குள் நோய் பரவியதன் அறிகுறியன்று. வந்திறங்கியோர் அனைவரையும் தனிப்படுத்திச் சோதித்ததன் விளைவு. ஆயினும் சிலர் அத்தொழிலாளரையே நோய்க்குக் காரணர் எனத் தூற்றினர். வீடு வீடாகப் பணிபுரிந்து நாட்டிற்கு வெளிநாட்டுச் செலாவணி ஈட்டித் தந்தவர்கள், வீடு திரும்பும் நாளில் ஓர் எண்ணின் நிழலுக்குள் நின்றனர்.

அவ்வாண்டு ஒக்ரோபர் முற்பகுதியில் மினுவாங்கொடையில் ஆடைத்தொழிற்சாலை ஒன்றிலே ஒரு பெண் தொழிலாளிக்கு நோய் கண்டது. ஒரு வாரத்துக்குள் அத்தொழிற்சாலையோடு தொடர்புற்றோருள் நோயுற்றவர் தொகை ஆயிரத்தைக் கடந்தது. அதற்கு முன் பல வாரங்களாக நாட்டிற்குள் புதிய நோயாளர் இலர் என்றே மக்கள் கேட்டிருந்தனர். ஒரு வாரத்தில் ஆயிரம் பேர் நோயுறுவது அரிது. நோய் பல நாட்களாக அங்கே உலாவியிருக்க வேண்டும் என்பது எளிதில் உய்த்துணரத்தக்கது. "இல்லை" என்று கூறப்பட்டதன் பொருள் "தேடிய இடத்தில் இல்லை" என்பதே எனப் பலர் அன்று தெரிந்துகொண்டனர். தூர ஊர்களிலிருந்து வந்து வாடகை அறைகளில் நெருங்கி வாழும் அப்பெண்களைப் போதிய அறிவிப்பின்றித் தனிமைப்படுத்தும் நிலையங்களுக்குக் கொண்டுசென்றனர் எனத் தொழிலாளர் அமைப்புகள் முறையிட்டன.

அம்மாத இறுதியில் கொழும்பு வடக்கிலே, கொட்டாஞ்சேனை முதலிய பகுதிகளில் ஊரடங்கு விதிக்கப்பட்டது. அவ்வேளையிலேயே முல்லேரியா மருத்துவமனையின் பெரிய பி.சி.ஆர். இயந்திரம் பழுதுற்றது, சோதனை முடிவுகள் தாமதித்தன. தாமதமான முடிவு ஒரு நாள் எண்ணைக் குறைத்தும் மற்றொரு நாள் எண்ணைக் கூட்டியும் காட்டும். இயந்திரத்தின் நோவை மக்களின் நோவாகவும், அதன் ஓய்வை மக்களின் நலமாகவும் எண்ணிக்கொள்ள அங்கே இடமுண்டாயிற்று. நவெம்பர் நடுப்பகுதியில் தீபாவளி வந்தது. மலையகத்திலிருந்து வந்து கொழும்புக் கடைகளிலும் உணவகங்களிலும் வீடுகளிலும் வேலை செய்யும் இளைஞர் பண்டிகைக்கு ஊர் செல்லும் காலம் அது. மேல் மாகாணத்தைவிட்டு வெளியேறுதல் அந்நாட்களிலே தடை செய்யப்பட்டது. வெள்ளவத்தைப் புடைவைக் கடையில் நின்று பிறருக்குப் புத்தாடை விற்றவர் தம் வீட்டுப் பண்டிகைக்குச் செல்ல இயலாதவராயினர். அவர்களுட் பலருடைய ஊரார், கொழும்பின் எண்ணைக் கேட்டு, வருபவனை அஞ்சவும் செய்தனர். வராதவனுக்காக ஏங்கவும் செய்தனர்.

இவற்றிலிருந்து நேயர் அறிந்துகொள்ளத்தக்கவை சில உள. நோய்க் கணக்கு ஒன்றைக் கேட்கும்போது ஐந்து வினாக்களை வினவுதல் வேண்டும். எத்தனை பேரைச் சோதித்து இந்த எண் பெறப்பட்டது? எவரைச் சோதித்தனர், நோய்க்குறி உள்ளோரையா, அனைவரையுமா? எந்தச் சோதனையால் அறிந்தனர்? மாதிரி எடுத்த நாளின் கணக்கா, முடிவு வந்த நாளின் கணக்கா? சோதிக்கப்படாது விடப்பட்டோர் எவர்?

முதல் வினாவின் பயனை ஒரு சிறு கணக்கினால் விளக்கலாம். ஓர் ஊரிலே திங்கட்கிழமை 1,000 பேரைச் சோதித்து 40 பேருக்கு நோய் கண்டனர். செவ்வாய்க்கிழமை 100 பேரைச் சோதித்து 10 பேருக்குக் கண்டனர் என்று கொள்வோம். எண்ணை மட்டும் கேட்பவன், நோய் 40 இலிருந்து 10 ஆகக் குறைந்தது என மகிழ்வான். விகிதத்தைப் பார்ப்பவனோ, நூற்றுக்கு 4 ஆக இருந்தது நூற்றுக்கு 10 ஆயிற்று எனக் கவலையுறுவான். இதனாலேயே உலகச் சுகாதார நிறுவனம், கட்டுப்பாடுகளைத் தளர்த்துமுன் இரு வாரங்களேனும் இவ்விகிதம் நூற்றுக்கு 5 க்கு மேற்படாதிருத்தல் நன்று என 2020 மே மாதத்தில் அறிவுறுத்தியது. வீசிய வலை எத்துணைப் பெரிதென்று அறியாமல், அகப்பட்ட மீனைக் கொண்டு கடலை அளக்க முடியாது.

ஐந்தாம் வினா இன்னும் முக்கியமானது. சோதிக்கப்படாது விடப்படுவோர் பெரும்பாலும் ஒரே வகையினர். நாட்கூலிக்கு வேலை செய்வோர், பதிவுப் பத்திரம் இல்லாதோர், மொழி அறியாதோர், காய்ச்சலைச் சொன்னால் வேலை போய்விடுமோ என அஞ்சுவோர் ஆகியோரே அவர்கள். அவர்களைத் தேடிச் செல்லாத கணக்கு எத்துணை நேர்மையாக எழுதப்பட்டாலும் குறைவுடையதே. அச்சத்தினால் நோயை மறைப்பவன் கணக்கைக் கெடுப்பதோடு, தன் அறையில் உறங்கும் பிறரையும் ஆபத்துக்குள்ளாக்குகிறான். தனிப்படுத்தப்படும் நாட்களுக்குக் கூலியும் உணவும் உறுதியானால் அவன் தானாகவே முன்வருவான். கணக்கின் செம்மை இவ்வாறு சோதனைச்சாலையில் மட்டுமன்றிச் சம்பள ஏட்டிலும் தங்கியிருக்கிறது.

ஐயத்திலும் இருவகை உண்டு. விளக்கம் கேட்டு, விளக்கம் கிடைத்தால் ஏற்கும் ஐயம் ஒருவகை. எந்த விளக்கத்தையும் கேளாது, எதிர்மாறான வதந்தியை மட்டும் உடனே நம்பும் ஐயம் மற்றொரு வகை. முன்னது அரசைத் திருத்தும். பின்னது தடுப்பூசிக்கும் மருத்துவனுக்கும் அஞ்சி ஓடச் செய்து ஐயுறுபவனையே வருத்தும். முன்னதை வளர்த்துப் பின்னதை அகற்றும் வழி ஆட்சியாளர் கையிலே உள்ளது. எண்ணோடு அதன் வரம்பையும் சேர்த்து வெளியிடுதல், முறை மாறினால் மாறிய அன்றே மக்களுக்கு உரைத்தல், ஒவ்வொரு தொழிலாளிக்கும் அவனுடைய சோதனை முடிவை அவன் மொழியிலே எழுதித் தருதல் ஆகிய மூன்றும் பெருஞ்செலவு வேண்டாதவை. "இது இன்று எமக்குத் தெரிந்த அளவு, மெய்யான தொகை இதனிலும் கூடியிருக்கும்" என்று ஒரு சுகாதார அதிகாரி வெளிப்படையாகக் கூறினால், அதனால் மக்களின் நம்பிக்கை குறையாது. பின்னொரு நாள் பெரிய எண் வெளிவரும்போது குறையும் நம்பிக்கையே மீட்டற்கரியது.

மண்டபம் முகாமின் ஏட்டிற் பதியப்பட்ட தொழிலாளிக்கும், சிங்கப்பூர் விடுதியிற் கைப்பேசியின் நிறத்தைப் பார்த்து நின்ற தொழிலாளிக்கும் இடையே நூறாண்டு உண்டு. சோதிக்கும் கருவி அக்காலத்துக்குள் எத்தனையோ மடங்கு கூர்மை பெற்றது. சோதிக்கப்படுபவனுக்கு அதன் பொருளை விளக்கும் கடமையோ இன்னும் முழுமையாக நிறைவேறவில்லை. 152,794 என்பது ஒரு பெரிய எண். அதனுள் அடங்கிய ஒவ்வொருவனுக்கும் ஒரு பெயரும், அவன் அனுப்பும் பணத்தை எதிர்பார்த்திருக்கும் ஒரு வீடும் உண்டு. அவ்வீட்டார் கேட்கும் கேள்விக்கு நேரான விடை தருவதே நோய்க் கணக்கு வெளியிடுவோரின் முதற் கடமையாகும்.